வட்டத்தொட்டி நாயகர் ரசிகமணி டி.கே.சி.

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், பெரியார் ஒருவரின் வாழ்க்கையை இம்மலருக்கென எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் என்னைப் பணித்தனர். எவரைப் பற்றி எழுதுவது என்பதை என் விருப்பிற்கே விட்டனர். தென்காசியிலும் குற்றாலத்திலும் கூடிவரும் ஓர் இலக்கிய வட்டத்தின் மலரில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரை விடுத்து வேறு எவரை எழுதுவது? ஆயினும், பலரும் பன்முறை சொல்லிய செய்திகளை மீண்டும் அடுக்கி வைப்பது என் நோக்கமன்று. ஒரு காரணம் பற்றியே அவர் வாழ்வை இப்போது எடுத்துரைக்க விழைகின்றேன்.

அக்காரணத்தை வட்டத்து அன்பர்கள் அனைவரும் அறிவர். கோயிலுக்குத் தெற்கே உள்ள தெருவில், திங்கள்தோறும் நாம் கூடிவந்த பழைய தொட்டிக்கட்டு வீடு விற்பனைக்கு வந்துள்ளது. பத்தாண்டுகளாகத் தம் பட்டாசாலையை வாடகை கேளாமல் நமக்குத் திறந்துவைத்த பெரியவர் மறைந்துவிட்டார். அவர்தம் மக்கள் தொலைவூர்களில் வாழ்கின்றனர். பூட்டிய வீட்டைக் காப்பது அவர்களுக்கு எளிதன்று. அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. வாங்க வருவோர் மனையின் சென்டுக் கணக்கை மட்டுமே கேட்கின்றனர். தேக்குத் தூண்களுக்கும் நிலைக்கதவுகளுக்கும் தனியே விலை பேசப் பழமர வணிகர்கள் வந்து போகின்றனர். வட்டத்தில் ஒரு சாரார், எப்பாடுபட்டேனும் பொருள் திரட்டி அவ்வீட்டை வாங்க வேண்டும் என்கின்றனர். மற்றொரு சாரார், வட்டம் என்பது மனிதர்களே அன்றிச் சுவர்கள் அல்ல, எங்குக் கூடினாலும் வட்டம் வட்டமே என்கின்றனர். கடந்த மூன்று கூட்டங்களில் கவிதையைக் காட்டிலும் இவ்வழக்கே மிகுதியாக ஒலித்தது.

ஒரு வீட்டின் முற்றத்தில் தொடங்கி ஒரு தலைமுறையின் சுவையுணர்வையே மாற்றிய மனிதரின் வாழ்க்கை, இவ்வழக்கிற்கு ஏதேனும் விடை தருமா என்று பார்க்கவே இக்கட்டுரை எழுந்தது.

பிறப்பும் கல்வியும்

டி.கே.சி. 1882-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் தீத்தாரப்ப முதலியார், தாயார் மீனாம்பாள். குடும்பத்தின் ஊர் தென்காசி. சிற்றாற்றின் கரையும், விசுவநாதர் கோயிலின் பெருமதிலும், ஆனி ஆடித் திங்கள்களில் மலையிலிருந்து இறங்கிவரும் சாரலும் அவருடைய இளமையைச் சூழ்ந்திருந்தன. விசுவநாதர் கோயிலின் இராசகோபுரம் நெடுங்காலம் சிதைந்து நின்றது. மீண்டும் முழுமை பெற்றுக் குடமுழுக்குக் கண்டது 1990-இல்தான். 

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இளங்கலைப் பட்டமும், பின்னர்ச் சட்டமும் பயின்றார். ஆங்கிலக் கல்வி உயர்பதவிக்கு வாயிலாக இருந்த காலம் அது. தமிழ் படித்தவர் பண்டிதர் எனத் தனியே ஒதுக்கப்பட்டனர். ஆங்கிலம் படித்தவர் தமிழை வீட்டின் பின்கட்டில் விட்டுவிட்டு வெளியே வந்தனர். இவ்விரு கூட்டத்துக்கும் இடையே தாழிட்டிருந்த கதவைத் திறந்தவர்களுள் டி.கே.சி. முதன்மையானவர். ஆங்கிலக் கவிதையைத் துய்த்த காதோடு அவர் தமிழ்க் கவிதைக்குத் திரும்பினார். பண்டிதர்களின் உரைவழியே வராமல், ஓசையின் வழியே வந்தார். அவருடைய பலமும் பலவீனமும் இவ்வொரு செய்தியிலேயே அடங்கியுள்ளன.

பதவியும் மனமும்

சட்டம் பயின்றவராயினும் வழக்காடும் தொழிலில் அவர் மனம் ஊன்றவில்லை. 1920-களின் பிற்பகுதியில் சென்னை மாகாணச் சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். 1930-களின் முற்பகுதியில் இந்து சமய அறநிலையப் பாதுகாப்புத் துறையில் ஆணையராகப் பணியாற்றினார். தமிழகத்தின் கோயில்களை அருகிருந்து காணவும், பல ஊர்களின் சான்றோருடன் பழகவும் அப்பதவி அவருக்கு வாய்ப்பளித்தது. ஆயினும் அவரை இன்று நினைப்பவர் எவரும் ஆணையராகவோ சட்டசபை உறுப்பினராகவோ நினைப்பதில்லை. இரசிகமணி என்னும் பெயரொன்றே நின்றது. ஒருவர் எதையும் படைக்காமல், படைத்ததைச் சுவைத்த காரணத்தாலேயே இலக்கிய வரலாற்றில் இடம்பெறுவது அரிது. தமிழில் அவ்விடம் டி.கே.சி.க்கு உரியது.

தொட்டியில் கூடிய வட்டம்

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் டி.கே.சி. குடியிருந்த வீட்டின் தொட்டிக்கட்டு வட்ட வடிவில் அமைந்திருந்தது. 1920-களில் மாலைப் பொழுதுகளில் அங்கு நண்பர்கள் கூடத் தொடங்கினர். அக்கூட்டத்திற்கு வட்டத்தொட்டி என்னும் பெயர் தானே அமைந்தது. சங்கம் என்றோ கழகம் என்றோ அது தன்னை அழைத்துக்கொள்ளவில்லை. வீட்டின் ஓர் உறுப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று.

நெல்லைச் சீமை வீடுகளை அறிந்தோர்க்கு இதன் பொருள் நன்கு விளங்கும். தெருவிலிருந்து ஏறினால் திண்ணை, அதனை அடுத்துத் தார்சா, உள்ளே பட்டாசாலை, நடுவே வானம் தெரியும் தொட்டி. திண்ணை தெருவுக்கு உரியது, வழிப்போக்கனும் அமரலாம். அடுக்களை வீட்டாருக்கு உரியது. தொட்டியோ இரண்டிற்கும் இடைப்பட்ட இடம். அங்கு வருபவன் விருந்தினனும் ஆவான், உறவினனும் ஆவான். அதுவும் வட்டமாக அமைந்துவிட்டால் தலைமை இருக்கை என ஒன்று இருக்க இயலாது. எல்லாரும் எல்லாருடைய முகத்தையும் பார்த்தே அமர வேண்டும். பேச்சு மேடைச் சொற்பொழிவாகாமல் உரையாடலாக அமைந்ததற்கு அவ்வடிவமும் ஒரு காரணம் என்று கருதுவது தவறாகாது.

கூட்டத்தின் முறை எளியது. டி.கே.சி. ஒரு செய்யுளை எடுத்துக்கொள்வார். அதனை மெல்லப் படிப்பார், மீண்டும் படிப்பார். எங்கு நிறுத்தினால் உணர்ச்சி விளங்குமோ அங்கு நிறுத்துவார். பொருள் சொல்வதற்கு முன்பே கேட்பவர்க்குப் பாட்டின் தாளம் உடம்பில் ஏறிவிடும். இலக்கணக் குறிப்போ அருஞ்சொற்பொருளோ முதலில் வருவதில்லை. பின்னர் அவர் செய்யுட்களை அச்சிட்டபோதும், சந்தி பிரித்து, அடிகளை மடக்கி, படிப்பவர் தாமே வாய்விட்டுப் படித்துச் சுவைக்கும் வண்ணம் அமைத்தார். இன்று புதுக்கவிதை எழுதுவோரும் தம் அடிகளை எங்கு முறிப்பது என எண்ணிப் பார்க்கும்போது, அறிந்தோ அறியாமலோ டி.கே.சி. எழுப்பிய கேள்வியையே எழுப்புகின்றனர்.

அவ்வட்டத்தோடு நெருங்கிப் பழகியவர்களின் வரிசை பெரிது. பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கியவரும் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழாக்கியவருமான எஸ். மகராஜன், பேராசிரியர் அ. சீனிவாசராகவன், கோயிற் கலையை எளிய தமிழில் எழுதிய தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், பி.ஸ்ரீ. ஆச்சாரியா, வித்துவான் ல. சண்முகசுந்தரம், மீ.ப. சோமு ஆகியோரைச் சொல்லலாம். இவர்களுள் பெரும்பாலோர் தமிழாசிரியர் அல்லர். நீதிமன்றத்திலும் அரசு அலுவலகத்திலும் பகலெல்லாம் ஆங்கிலத்தில் உழைத்துவிட்டு, மாலையில் தமிழுக்கு வந்தவர்கள். தமிழ் இலக்கியம் தமிழாசிரியரின் பிழைப்பு மட்டுமன்று என்பதை ஐயமற நிறுவியது வட்டத்தொட்டி. தமிழ் கற்பித்தே பிழைக்கும் நான் இதனை நன்றியோடும் சிறிது நாணத்தோடுமே எழுதுகின்றேன்.

அடுக்களையின் பங்கு

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் இடந்தரவில்லை. டி.கே.சி.யின் விருந்தோம்பல் அவருடைய கவிதைச் சுவைக்கு இணையாகப் புகழ்பெற்றது. அவ்வீட்டில் உண்டவர்கள் அதனைப் பல்லாண்டு கழித்தும் நினைவு கூர்ந்தனர். அவ்விருந்தின் பின்னே நின்றவர் அவருடைய வாழ்க்கைத் துணைவியார் பிச்சம்மாள். வட்டத்தொட்டி என்றதும் நாம் வரிசைப்படுத்தும் பெயர்கள் அனைத்தும் ஆடவர் பெயர்களே. தொட்டியில் வட்டமாக அமர்ந்தவர்களின் பெயர்கள் வரலாற்றில் ஏறின. தொட்டிக்கும் அடுக்களைக்கும் இடையே நடந்தவர்களின் உழைப்பு நன்றியுரையோடு நின்றுவிட்டது. நம் வட்டத்தில் இன்று பெண் கவிஞர்கள் சரிபாதியாக அமர்கின்றனர் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் பத்தாண்டுக் கூட்டங்களில் காப்பி ஆற்றிக் கொண்டுவந்த கைகள் யாருடையவை என்பதை நாமும் எங்கும் குறித்து வைக்கவில்லை.

கம்பரும் முத்தொள்ளாயிரமும்

டி.கே.சி.யின் உள்ளத்தில் முதலிடம் பெற்றவர் கம்பர். காரைக்குடியில் சா. கணேசன் நிறுவிய கம்பன் கழகம் 1939-இல் தன் முதல் விழாவை டி.கே.சி.யின் தலைமையில் நடத்தியது. கல்கி இதழில் அவர் தொடர்ந்து எழுதிய கம்பர் தரும் காட்சி, கம்பராமாயணத்தைப் பண்டிதர் அறையிலிருந்து குடும்பங்களின் கூடத்திற்குக் கொணர்ந்தது. கிழமைதோறும் இதழுக்காகக் காத்திருந்தவர்கள், கதைக்குக் காத்திருப்பது போலவே கம்பரின் பாட்டுக்கும் காத்திருந்தனர்.

எனினும் அவருடைய கம்பர் பணியில் கருத்து வேறுபாட்டிற்கு இடமுண்டு. கம்பராமாயணத்தில் பிற்காலத்தார் புகுத்திய பாடல்கள் மிகப்பல என அவர் கருதினார். கவிதையின் உருவமும் உணர்ச்சியும் எங்குக் குன்றுகின்றனவோ அங்குக் கம்பர் இல்லை என்பது அவருடைய அளவுகோல். அவ்வளவுகோலைக் கொண்டு ஆயிரக்கணக்கான பாடல்களை ஒதுக்கினார்; சில இடங்களில் சொற்களையும் திருத்தினார். ஏட்டுச் சான்று எங்கே எனப் பதிப்பாசிரியர்கள் கேட்டனர். அக்கேள்வி நியாயமானது. சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் காணும் நெறியில் பயிற்சி பெற்றவள் என்னும் முறையில், நானும் அக்கேள்வியின் பக்கமே நிற்கின்றேன். ஒருவரின் செவி எத்துணை நுண்ணியதாயினும் அது சான்றாகாது. பெருங்கவிஞரும் சில நாள்களில் சோர்ந்து எழுதக்கூடும்.

ஆனால், ஆய்வு மாணவியாக இருந்த காலத்தில் அவருடைய கடிதங்களை முதன்முறையாகப் படித்தபோது எனக்கு நேர்ந்ததை மறைக்க இயலாது. நான்காண்டுகளாகப் பாடவேறுபாடுகளை எண்ணி எண்ணிப் பட்டியலிட்டு வந்த நான், எத்தனையோ நாள்களாக ஒரு பாட்டையேனும் வாய்விட்டுப் படிக்கவில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அன்றிரவு விடுதி மாடியில் தனியே நின்று நான் பட்டியலிட்ட பாடல்களைச் சத்தமாகப் படித்தேன். டி.கே.சி.யின் முடிவுகளை ஏலாதவரும் அவர் கேட்கச் சொன்னதைக் கேட்காமல் இருக்க முடியாது.

முத்தொள்ளாயிரத்திற்கு அவர் ஆற்றிய பணியும் இங்குக் குறிக்கத்தக்கது. சேர சோழ பாண்டியரைப் பாடிய அந்நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்னும் தொகை நூலைத் தொகுத்தவர் தமக்குப் பிடித்த பாடல்களை எடுத்துச் சேர்த்து வைத்தமையால், நூற்றுச் சொச்சம் வெண்பாக்கள் மட்டும் எஞ்சின. மூலநூல் என்னும் வீடு இடிந்தது. யாரோ ஒரு சுவைஞர் எடுத்து வைத்த சில தூண்கள் பிழைத்தன. அவ்வெண்பாக்களுக்கு டி.கே.சி. எழுதிய விளக்கம், அவற்றைப் புதிய வாசகர்களிடம் கொண்டு சேர்த்தது. நூலும் வீடும் அழிவதைப் பற்றிப் பேசும்போது இச்செய்தியை நாம் மறத்தல் கூடாது.

கவிமணியும் தமிழிசையும்

பழைய கவிஞரை மட்டும் போற்றி வாழும் கவிஞரைப் புறக்கணிப்பது சுவைஞர் பலரின் இயல்பு. டி.கே.சி. அவ்வாறில்லை. நாஞ்சில் நாட்டில் ஆசிரியப் பணியாற்றி அடக்கமாக வாழ்ந்த தேசிகவிநாயகம் பிள்ளையின் பாடல்களைத் தமிழ்நாடெங்கும் எடுத்துச் சென்று பரப்பியவர்களுள் அவர் தலையாயவர். மேடைதோறும் அப்பாடல்களைச் சொன்னார், கடிதந்தோறும் எழுதினார். கவிஞர்கள் பலர் உறுப்பினராக உள்ள நம் வட்டம் இதனை ஊன்றி நோக்க வேண்டும். நம்மில் ஒருவர் எழுதியதைப் பிறரிடம் சொல்லிப் பரவசப்பட்டவர் நம்முள் எத்தனை பேர்?

1940-களில் எழுந்த தமிழிசை இயக்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப் பாடல்கள் முழங்க வேண்டும் என அண்ணாமலை அரசர், இராஜாஜி, கல்கி ஆகியோர் முயன்றபோது அவரும் அவர்களோடு நின்றார். பொருள் விளங்காத பாட்டில் இசை முழுமை பெறாது என்பது அவர் கொள்கை. குற்றாலக் குறவஞ்சியை அவர் கொண்டாடியதும் இதனாலேயே. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் அந்நூலில் மலையும் அருவியும் குறத்தியும் ஒரே தாளத்தில் இயங்குவதை அவர் கேட்பவர்க்கு உணர்த்தினார்.

குற்றால வாசம்

வாழ்வின் பிற்பகுதியை டி.கே.சி. குற்றாலத்தில் கழித்தார். திருநெல்வேலித் தொட்டியின் வட்டம் அருவிக்கரைக்கு இடம் பெயர்ந்தது என்றே சொல்ல வேண்டும். சாரல் காலத்தில் இராஜாஜியும் கல்கியும் பிற நண்பர்களும் வந்து தங்குவர். காலையில் பேரருவியிலோ ஐந்தருவியிலோ நீராட்டு, அதன்பின் விருந்து, அதன்பின் கம்பர். குற்றாலநாதர் கோயிலின் சங்கு வடிவமும், கூத்தப்பெருமானின் ஐந்து சபைகளுள் ஒன்றாகிய சித்திரசபையின் சுவரோவியங்களும் அவ்வுரையாடல்களின் சூழலாயின. இடைசெவலிலிருந்து வந்து பழகிய இளைஞர் கி. ராஜநாராயணன், பின்னாளில் கரிசல் மண்ணின் பேச்சுத்தமிழை இலக்கியமாக்கினார். நாட்டுப்புறப் பாடலையும் பேச்சு வழக்கையும் டி.கே.சி. தாழ்வாக எண்ணாமல் கவிதையோடு சேர்த்தே மதித்தார் என்பதை அறிந்தோர்க்கு, இத்தொடர்பு வியப்பளிக்காது.

வீடு மாறியபோது வட்டம் சிதையவில்லை என்பது நம் வழக்கில் இரண்டாம் சாராருக்கு வலுச்சேர்க்கும். ஆயின் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். வீடு மாறினாலும் வீட்டுக்குரியவர் மாறவில்லை. கதவைத் திறந்துவைக்கும் மனிதர் ஒருவர் இரண்டு ஊரிலும் இருந்தார். நம் நிலையோ வேறு. நமக்குக் கதவு திறந்தவர் இன்று இல்லை.

இழப்பும் மறைவும்

டி.கே.சி.யின் வாழ்வு இன்பமே நிறைந்ததெனக் கருதுவோர் உளர். அவருடைய மைந்தர் தீத்தாரப்பன் இளமையிலேயே காலமானார். அத்துயரில் பங்குகொண்டு கவிமணி பாடிய கையறுநிலைப் பாட்டு தமிழ்கூறு நல்லுலகம் அறிந்தது. பிறர் பாட்டைப் படித்துப் பிறர் கண்களை நனைத்த மனிதருக்கு, தம் துயரையே பாட்டாகக் கேட்கும் நிலை வந்தது. அதன்பின்னும் அவர் வீட்டில் விருந்து நிற்கவில்லை, கம்பர் நிற்கவில்லை. சுவைஞர் என்றால் மென்மையானவர் என்று எண்ணுகிறோம். அவருக்குள் இருந்த உறுதியைக் காணத் தவறிவிடுகிறோம்.

1954 பிப்ரவரி 16-ஆம் நாள் குற்றாலத்தில் டி.கே.சி. மறைந்தார். அப்போது இராஜாஜி சென்னை மாநில முதலமைச்சராக இருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் கவிமணியும், டிசம்பரில் கல்கியும் காலமாயினர். பாடியவர், பாட்டைப் படித்துக் காட்டியவர், அதனை இதழில் ஏற்றி இல்லந்தோறும் சேர்த்தவர் ஆகிய மூவரையும் தமிழ் ஓராண்டிற்குள் இழந்தது.

வீடும் ஏடும்

இனி நம் வழக்கிற்கு வருவோம். வட்டத்தொட்டியில் பல்லாண்டுகள் பேசப்பட்டவற்றுள் இன்று நம் கைக்கு எட்டுவன எவை? டி.கே.சி. எழுதிய நூல்கள், கட்டுரைகள். நண்பர்கள் எழுதிய நினைவுகள். இவற்றினும் மேலாக, அவர் ஓயாது எழுதிய கடிதங்கள். பெற்றவர்கள் அவற்றைப் பேணி வைத்தமையால் அவர் மறைவுக்குப் பின் நூலாயின. எழுத்தில் ஏறாத மாலைகள் எத்தனையோ காற்றோடு போயின. வட்டத்தொட்டி தனக்கென நடவடிக்கைக் குறிப்பேடு வைத்த அமைப்பன்று. அதன் அழகும் அதுவே, அதன் இழப்பும் அதுவே.

இலண்டன் மாநகரில் கஃப் சதுக்கத்தின் 17-ஆம் எண் வீட்டில் 1748 முதல் 1759 வரை சாமுவேல் ஜான்சன் குடியிருந்தார். அதன் மாடியறையில்தான் 1755-இல் வெளிவந்த அவருடைய ஆங்கில அகராதி உருவாயிற்று. அவர் அங்கு வாடகைக் குடியிருப்பாளரே. சீரழிந்து நின்ற அவ்வீட்டை 1911-இல் செசில் ஹார்ம்ஸ்வொர்த் என்னும் செல்வர் விலைக்கு வாங்கிப் பழுதுபார்த்து, 1914-இல் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார். ஜான்சனும் டி.கே.சி.யைப் போலவே உரையாடலால் புகழ்பெற்றவர். அவருக்குக் கேட்டதையெல்லாம் குறித்துவைத்த பாஸ்வெல் கிடைத்தார். பின்னர் வீட்டைக் காத்தவரும் கிடைத்தார். ஏட்டைக் காத்தவர் முதலில் வந்தார், வீட்டைக் காத்தவர் ஒன்றரை நூற்றாண்டு கழித்து வந்தார் என்னும் வரிசை கருதத்தக்கது.

நம் நாட்டிலும் இரு வேறு சான்றுகள் உள்ளன. திருவல்லிக்கேணியில் பாரதியார் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு 1993-இல் பெற்று நினைவில்லமாக்கியது. அதே திருவல்லிக்கேணியில் உ.வே. சாமிநாதையர் வாழ்ந்து சுவடிகளை ஆராய்ந்த தியாகராச விலாசம் 2012-இல் இடிக்கப்பட்டது. ஏடு தேடி ஊரூராய் அலைந்து சங்க நூல்களை அழிவிலிருந்து மீட்டவரின் வீட்டை, அந்நூல்களால் பெருமை கொள்ளும் நம் தலைமுறையால் மீட்க இயலவில்லை. ஆயினும் ஐயரவர்கள் பதிப்பித்தவையும், அவர் பெயரால் அமைந்த நூல்நிலையமும் நிற்கின்றன. வீடு போயிற்று, வீட்டில் நடந்த வேலை போகவில்லை. இதனைக் கூறி நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் இவ்வாறுதலையே சாக்காகக் கொள்ளலாகாது. அவ்வீட்டில் எந்தச் சாளரத்தின் வெளிச்சத்தில் அவர் ஏட்டைப் பிடித்துப் பார்த்தார் என்பதை இனி எவரும் எவருக்கும் காட்ட இயலாது.

நம் ஊர்க் கோயிலிலேயே இதற்கொரு படிப்பினை உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் தென்காசிக் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இக்கோயிலில் பழுது நேர்ந்தால் அதனைச் சீர்செய்வோர் எவராயினும் அவர்களைத் தான் அடிபணிவதாகக் கல்லில் பொறித்து வைத்தான். கட்டியவன் மன்னன், ஆயினும் காக்கப் போகிறவனின் முன்னே அவன் தலை தாழ்ந்தது. முடியிழந்து நின்ற கோபுரம் மீண்டும் எழுந்தபோது அவ்வணக்கம் உரியவர்களைச் சென்றடைந்தது.

நிறைவாக

டி.கே.சி.யின் வாழ்விலிருந்து நான் பெறும் விடை இரு சாராருக்கும் முழுமையாக உவப்பளிக்காது. சுவர்கள் வட்டமாகா என்பவர்களுக்குச் சொல்வேன்: தொட்டியின் வடிவமே அங்கு நிகழ்ந்த பேச்சின் வடிவமாயிற்று. மேடையும் ஒலிபெருக்கியும் உள்ள மண்டபத்திற்கு நாம் சென்றால், நம் பேச்சும் மேடைப் பேச்சாகவே மாறும். ஆகவே வீட்டை எளிதாகக் கைவிடல் வேண்டா. எப்பாடுபட்டேனும் வாங்குவோம் என்பவர்களுக்கும் சொல்வேன்: வாங்கிய வீட்டில் வாய்விட்டுப் படிக்கும் ஒருவர் இல்லையேல், அது பூட்டிய நினைவில்லமாகவே நிற்கும். வீட்டுக்குரியவர்கள் நமக்குப் பொங்கல் வரை காலம் அளித்துள்ளனர். அதற்குள் பொருள் சேருமா என்பதை நான் அறியேன். சேர்ந்தால் மகிழ்வேன், என்னால் இயன்றதை நானும் தருவேன்.

ஆனால் பொருள் சேரினும் சேராவிடினும் நாம் உடனே செய்யத்தக்க பணிகள் மூன்று உள்ளன. அவ்வீட்டைத் தார்சா முதல் புறவாசல் வரை அளந்து வரைபடமாக்குவோம். தூணும் உத்திரமும் விடாமல் நிழற்படம் எடுப்போம். பத்தாண்டுக் கூட்டங்களில் எவர் எப்பாட்டைப் படித்தார், எவர் மறுத்தார், எவர் காப்பி தந்தார் என நினைவிலிருந்து திரட்டி ஏட்டில் ஏற்றுவோம். இனி நிகழும் ஒவ்வொரு கூட்டத்திலும் விவாதம் தொடங்குமுன் ஒரு பாட்டையேனும் இருமுறை வாய்விட்டுப் படிப்போம். முதலிரண்டும் புறத்திரட்டைத் தொகுத்த பெயரறியாச் சுவைஞர் நமக்குக் காட்டிய வழி. மூன்றாவது டி.கே.சி. காட்டியது.

அடுத்த கூட்டமும் அவ்வீட்டில்தான். பெரியவர் அமரும் தூணடியில் இம்முறை எவரும் அமர வேண்டா என்று சிலர் கூறினர். நான் அதற்கு உடன்படவில்லை. வட்டத்தில் இடைவெளி விடலாகாது. புதிதாக வரும் இளங்கவிஞர் ஒருவரை அங்கு அமரச் சொல்வோம். முதற்பாட்டை அவரே படிக்கட்டும்.